வெளிப்பக்கம் ஒருத்தரும் இல்லை

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் அந்த வீட்டு வரவேற்பறைக்குள் காலை வைத்ததும் சீமோன் சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கிவிட்டான். சுவரில் ஆளுயரச் சட்டத்துக்குள் ஏதோ ஓர் அம்மன் தகதகத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் அம்மனின் பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பது தெரிந்தது.

"சாமத்தியவீட்டுப் படம்," என்றாள் நிலாணி. "கையைக் கீழ போடு."

"நல்லவேளை, முழங்கால் போடேல்லை," என்றான் சீமோன்.

வீட்டுக்காரியின் மகள்தான் அந்த அம்மன். பக்கத்திலேயே இன்னும் இரண்டு படங்கள் மாட்டியிருந்தார்கள். ஒரே பூப்புச் சடங்கு, ஒன்று இடப்பக்கமிருந்து, ஒன்று வலப்பக்கமிருந்து. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் தாய்மாமன் குனிந்து நின்று பிள்ளையின் தலையில் பாலில் தோய்த்த அறுகம்புல்லை, பாலறுகை, வைக்கிறார். அந்தத் தாய்மாமனிடம் இரண்டு கேள்வி கேட்கத்தான் தனியார் துப்பறிவாளர் நிலாணியும் அவளுடைய உதவியாள் சீமோனும் வந்திருந்தார்கள். மகேஸ்வரன் என்று பெயர். அக்காவின் பேஸ்மென்றில் குடியிருப்பு. குளித்துவிட்டு வருகிறார் என்று சொல்லி அக்காக்காரி வடை சுடக் குசினிக்குள் போய்விட்டாள்.

சீமோனுக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. வழக்குக் கொடுத்த ஆளையே பிடிக்கவில்லை என்றால் வழக்கு எப்படிப் பிடிக்கும்? அந்த ஆள் கிருபன் இராசரத்தினம். ஒன்ராறியோவின் வட்டப் பாதைகளில் ஸ்டொக் கார் ஓட்டிப் பேரெடுத்தவன். பார்வைக்கு வீட்டுக் கார், உள்ளே ராட்சத எஞ்சின், எப்போதும் இடப்பக்கமே வளைந்து வளைந்து ஓடும் ஓட்டம். பத்தொன்பது வயதில் பழைய இரும்புக் கடையில் எடுத்த காரோடு இறங்கினான். பகலில் பழுதான கார்களை இழுக்கும் டோ ட்ரக் ஓட்டம், வார முடிவில் இந்த ஓட்டம். முந்த முடியாவிட்டால் இடிப்பான், இடித்தால் முந்துவான். அவன் சுவரோடு சேர்த்து அரைத்தவர்களில் ஒருவனுக்குத் தோள்பட்டை போனது. இன்னொருவன் ஓட்டத்தையே விட்டுவிட்டுப் போனான். அதைப் பற்றி யாரோ மைக்கை நீட்டிக் கேட்டபோது, "ஓடத் தெரியாதவன் வீட்டில இருக்கட்டும்" என்று சிரித்தான். சனம் அதற்கும் கை தட்டியது.

இப்போது அவனே வீட்டில் இருக்கிறான். செப்டெம்பரில், பருவத்தின் கடைசி ஓட்டத்தில், முடிய இரண்டு மூன்று சுற்று இருக்கையில் வெளிச்சுவரில் நேராகப் போய் ஏறினான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. வருகிற வசந்தத்தில் அமெரிக்கத் தெற்கிலிருந்து ஒரு பெரிய அணி அவனைக் கூப்பிட்டிருந்தது. அந்தக் கதை அத்தோடு சரி.

பக்கத்தில் ஓடிய பிரவீண்தான் வேண்டுமென்று இடித்தான், அதை நிரூபித்து அவனை ஆயுளுக்கும் ஓடவிடாமல் செய்யவேண்டும். இதற்காகத்தான் கிருபன் நிலாணியைப் பிடித்திருந்தான். பிரவீண் சென்னைக்காரன், யூனியன்வில்லில் வீடு, கிழமை நாட்களில் கணினி வேலை. எல்லாரையும் விசாரித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது மகேஸ்வரன் ஒருவர்தான். கிருபனின் கண்ணே அவர்தான்.

இந்த ஓட்டத்தில் ஓட்டுபவனால் தலையைத் திருப்ப முடியாது. ஹெல்மெற்றைத் தோளோடு கட்டியிருப்பார்கள், ஆசனத்தின் இரு கரையும் கன்னத்தை மறைக்கும். அதனால் பார்வையாளர் மேடைக் கூரையில் ஒருவர் நின்று, பக்கத்தில் கார் இருக்கிறது, இல்லை என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்பொட்டர் என்பார்கள். அவர் சொன்னால் ஓட்டுபவன் கேள்வி கேட்காமல் திருப்புவான். கிருபனுக்குப் பதினைந்து வருடமாக அந்தக் குரல் மச்சான் முறையான மகேஸ்வரனின் குரல்தான்.

"அக்கா, உந்தத் திகதியைப் பாருங்கோ," என்றான் சீமோன் நிலாணியிடம்.

படத்தில் பிள்ளைக்குப் பின்னால் மினுங்கும் எழுத்தில் பெயரும் திகதியும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் சனம் பிள்ளையின் வயதை மறந்தாலும் சடங்கு ஹோலில் திகதி போட மறக்காது. அது கிருபன் சுவரில் ஏறிய அதே சனிக்கிழமை.

நிலாணி திகதியைப் பார்த்துவிட்டு மாமனைப் பார்த்தாள். இடப்பக்கப் படம், வலப்பக்கப் படம், மறுபடி இடப்பக்கப் படம்.

"இந்தக் காதில என்ன நிறம்?"

"வெள்ளை. காதில செருகிற இயர்போன்."

"அந்தக் காதில?"

"கறுப்பு." சீமோன் மூக்கு முட்டப் பார்த்தான். "ஒரு சோடியில ஒண்டு துலைஞ்சிருக்கும். எனக்கும் சொக்ஸ் அப்பிடித்தான்."

"சடங்கில பாட்டுக் கேக்கிற ஆளுக்கு ஒரு காது காணும். ரெண்டு காதுக்கும் ரெண்டு நிறமெண்டா ரெண்டு போன், சீமோன். ஒண்டில கேக்கிறார். மற்றதில சொல்லுறார்."

படியில் காலடி கேட்டது. மகேஸ்வரன் ஈரத்தலையோடு மேலே வந்தார். படத்தில் இருந்தவரில் பாதிதான் மிச்சமிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"மகேஸ் அண்ணை, அண்டைக்கு நீங்கள் கூரையில நிண்டதெண்டுதானே பொலிசுக்குச் சொன்னனீங்கள்?" என்று நிலாணி கேட்டாள்.

"ஓம்."

"பட்டு வேட்டியோடயோ?" என்றான் சீமோன், படத்தைக் காட்டி.

மகேஸ்வரன் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தாய்மாமனெண்டு நான் ஒருத்தன்தான். நான் பாலறுகு வைக்காட்டி அக்கா செத்தாலும் என்னோட கதைக்கமாட்டா. ஹோல் போன வருசமே புக் பண்ணினது. ரேஸ்தான் மழையால தள்ளித் தள்ளிப் போய் அந்தச் சனிக்கிழமையில வந்து விழுந்தது."

"கிருபனுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள் நிலாணி.

"சொன்னா வேற ஆளைப் போட்டிருப்பான். ஒருக்கா விட்டா விட்டதுதான், அவன் திரும்ப எடுக்கமாட்டான். அமெரிக்காவுக்கும் நான் கூடப் போறதெண்டுதான் கதை. என்ர வாழ்க்கையில வேற என்ன இருக்கு?"

"ரேஸ் நடந்த இடத்தில இருந்து ஸ்காபரோ ஹோல் வரைக்கும் ரேடியோ எட்டாதே."

"நாங்கள் ரேடியோவில கதைக்கிறேல்லை, மற்ற அணியளும் கேக்கும். முதல்ல தமிழில கதைச்சம், வெள்ளையளுக்கு விளங்காது எண்டு. பிறகு பிரவீண் வந்திட்டான். அவனுக்கு விளங்குமே. அதுக்குப் பிறகு போன்தான்."

சீமோனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப ஹோலில இருந்துகொண்டு போனில நேரலையைப் பாத்துப் பாத்துச் சொன்னனீங்கள். நல்ல மாமா."

"இல்லை," என்றாள் நிலாணி. சீமோனை அல்ல, மகேஸ்வரனைப் பார்த்துச் சொன்னாள். "நேரலை அரை நிமிசம் பிந்தித்தான் வரும். அதுக்குள்ள அவங்கள் ஒரு சுற்றே ஓடி முடிச்சிருவாங்கள். அதைப் பாத்துச் சொல்லியிருந்தா கிருபன் முதல் வளைவிலயே சுவரில ஏறியிருப்பான். கடைசி வரைக்கும் நீங்கள் சொன்னதெல்லாம் சரியா இருந்தது. கூரையில ஒரு கண் நிண்டிருக்கு. அது வெள்ளைக் காதுக்குள்ள சொல்ல, நீங்கள் கறுப்புக் காதால கிருபனுக்குச் சொல்லியிருக்கிறியள். கூரையில ஆர், மகேஸ் அண்ணை?"

சீமோன் மேசையில் கிடந்த சடங்கு அல்பத்தை எடுத்துப் புரட்டினான். ரொறன்ரோவில் பாதித் தமிழ்ச் சனம் அதற்குள் வரிசையாக நின்று பல்லைக் காட்டியது.

"எங்கட ஆக்கள் வயித்தாலடி, காய்ச்சல் எண்டாலும் வந்து ஒரு படம் எடுத்துப்போட்டுத்தான் போவினம்," என்றான். "கிருபன் வீட்டால ஒருத்தரையும் காணேல்லை. கிருபன் ரேஸில, சரி. அவற்ற மனிசி அட்சயா எங்க?"

மகேஸ்வரன் அழத் தொடங்கினார். சத்தம் வராத அழுகை. சீமோன் அல்பத்தை மூடிவைத்தான்.

"அட்சயாதான் கூரையில நிண்டவள். அவளுக்கு நல்ல கண், என்னிலும் நல்ல கண். எத்தினையோ தரம் கேட்டவள், நான் பாத்துச் சொல்லுறன் எண்டு. கிருபன் விடமாட்டான். ஒருநாள் கராஜில எல்லாருக்கும் முன்னால சொன்னான், உன்ர முகத்தில முழிச்சுப்போட்டு ஏறினா ரயர்கூட றோட்டில ஒட்டாது எண்டு. எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான்."

"கடைசியா என்ன சொன்னவ?" என்று நிலாணி கேட்டாள்.

"வெளிப்பக்கம் ஒருத்தரும் இல்லை எண்டு. அதைத்தான் நான் சொன்னன். ஆனா..." மூக்கைத் துடைத்தார். "அந்த நேரம் நான் பிள்ளையின்ர தலையில பாலறுகு வைச்சுக்கொண்டு நிக்கிறன். படமெடுக்கிற பெடியன் சொல்லுறான், மாமா இன்னொருக்கா வையுங்கோ, வடிவா வரேல்லை எண்டு. கையைத் திருப்பித் தூக்கினதில ஒரு மூச்சுப் பிந்திப்போச்சு. அந்த ஒரு மூச்சுக்குள்ள பிரவீண் பக்கத்தில வந்திட்டான். ஆஸ்பத்திரியில வைச்சு அட்சயாதான் எனக்கு விளங்கப்படுத்தினவள். நீங்கள் பிந்தினதுதான் அண்ணை, ஆனா நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டவள். அண்டையிலயிருந்து நான்தான் நாளாந்தம் போய் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுறன்."

சுவரில் அந்த மூச்சின் படம் தங்கச் சட்டம் போட்டுத் தொங்கியது. அக்காக்காரி தட்டில் வடையோடு வந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் நிலாணி தன் போனில் ஓட்டத்தின் வீடியோவைத் தேடிப் போட்டாள். "கடைசி ரெண்டு சுற்றைப் பார். எந்த இடத்தில கிருபனுக்கு வெளிப்பக்கம் வெறுமையா இருக்கெண்டு சொல்லு."

சீமோன் பார்த்தான். கிருபனின் சிவப்புக் கார், அதன் வெளிப்பக்கத்தில், வலப்புறம் ஒட்டியபடி பிரவீணின் பச்சைக் கார். முதல் சுற்று முழுக்க ஒட்டிக்கொண்டே ஓடியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. பிறகு சிவப்பு, வெளிப்பக்கம் யாருமே இல்லை என்பதுபோல, ஒரே வெட்டாக வெளிச்சுவர்ப் பக்கம் ஏறியது. பச்சையின் மூக்கில் தட்டுப்பட்டு, திரும்பி, சுவர். சீமோன் திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஒரு மூச்சு இடைவெளி என்ன, ஒரு தும்மலுக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

"அப்ப மகேஸ் அண்ணை ஒரு மூச்சில்லை, ஒரு முழுப் பூசைப் பிரசங்கம் பிந்தியிருந்தாலும்..."

"ஓம். வெளிப்பக்கம் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுறதுக்கு அப்பிடி ஒரு நேரமே இருக்கேல்லை. அட்சயா பொய் சொல்லியிருக்கிறாள். இவர் அதைத் தன்ர குரலில காவிக்கொண்டு போய்க் குடுத்திருக்கிறார்."

சீமோன் கதவுப் பிடியில் கையை வைத்தான். "நான் போய் அந்த மனுசனுக்குச் சொல்லிப்போட்டு வாறன். பாவம் அக்கா."

"இரு. இப்ப சொன்னா அடுத்த நிமிசம் அட்சயாவுக்குப் போன் போகும். இவ்வளவு நாள் அழுதவர், இன்னும் ஒரு மணித்தியாலம் அழட்டும்."

நிலாணியிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சீமோன் அவளைக் கண்டு பயப்படுவது இப்படியான நேரங்களில்தான். காரை எடுத்தான்.

ரூஜ் என்ற பகுதியில் கிருபனின் வீடு புதிது, பெரிது. கதவைத் திறந்த அட்சயாவின் தோளில் ஒரு சின்னத் துவாய் கிடந்தது. முகத்தில் நல்ல சிரிப்பு. "வாங்கோ அக்கா. அவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்." வீட்டுக்குள் டெற்றோல் மணமும் பருப்பு மணமும் கலந்து வந்தது.

விருந்தினர் உட்காரவேண்டிய அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெற்றிக் கோப்பைகள். தலை திருப்பாமலே பார்க்கக்கூடிய மாதிரி அட்சயாதான் அடுக்கியிருக்கவேண்டும். அது அன்பிலா, வேறு எதிலா என்று சீமோனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைமாட்டில் பச்சை லைற்றோடு, குழந்தைகளுக்கு வைக்கும் பேபி மொனிட்டர்.

"நான் எங்க நிண்டாலும் இவற்ற மூச்சு எனக்குக் கேக்கும்," என்றாள் அட்சயா, தலையணையைச் சரிசெய்தபடி.

"இவைக்குத் தேத்தண்ணி போடு," என்றான் கிருபன். குரலில் இன்னும் அதே அதிகாரம்.

அவள் போனாள். அவன் கண்ணால் மொனிட்டரைக் காட்டினான். சீமோன் அதன் சுவிச்சை அமத்தினான். பச்சை லைற் அணைந்தது. கட்டிலுக்கு இடப்பக்கம் நிலாணி உட்கார்ந்தாள், வலப்பக்கம் சீமோன் நின்றான்.

"செய்தது பிரவீண் இல்லை," என்றாள் நிலாணி.

"தெரியும்."

சீமோன் கட்டிலை நோக்கிக் குனிந்தான்.

"பிரவீண் நேர்மையா ஓடினவன். அவனுக்கு இடிக்கத் தெரியாது, அதுதான் அவன்ர குறை. நான் ஆஸ்பத்திரியில கண் முழிச்ச அண்டு இவள் என்னைக் கேட்டாள், வெளிப்பக்கம் ஒருத்தரும் இல்லை எண்டு சொன்ன உடன ஏன் அவ்வளவு வேகமா ஏறினனீங்கள் எண்டு. அந்தச் சொல்லை என்னையும் மகேசையும் தவிர ஆரும் கேக்கேல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மகேஸ் பயந்தவன், அவனும் சொல்லியிருக்கமாட்டான். அப்ப அது அவளிட்டயிருந்துதான் வந்திருக்கவேணும் எண்டு பிறகு யோசிச்சுப் பிடிச்சன். யோசிக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை?"

"அப்ப ஏன் பிரவீணைப் பிடிக்கச் சொன்னனீர்?" என்றாள் நிலாணி.

"அவள் நிக்கேக்க வேற என்னத்தைச் சொல்லி உங்களை வீட்டுக்குள்ள எடுக்கிறது?"

"பொலிசுக்குச் சொல்லுவம்."

"வேண்டாம்." அவனால் ஆட்ட முடிந்த தலையை ஆட்டினான். "அவளை உள்ள போட்டா என்னைக் கொண்டுபோய் ஒரு ஹோமில போடுவினம். முன்பின் தெரியாத ஆக்கள் வந்து கழுவுவினம். எனக்கு அவள்தான் வேணும். ஆனா அவளுக்குப் பயம் இருக்கவேணும். வெளியில ரெண்டு பேருக்குத் தெரியும், எனக்கு ஒண்டு நடந்தா கேட்டு வருவினம் எண்ட பயம். ஒவ்வொரு கரண்டி தூக்கேக்கையும் கை நடுங்கவேணும். நான் சாகும் மட்டும் அவளை நான் சுவரோட சேர்த்து அரைச்சுக்கொண்டே இருப்பன்."

அவன் கண்கள் பளபளத்தன. டோ ட்ரக் ஓட்டிய பெடியனை, கோப்பை தூக்கியவனை, இடித்துவிட்டுச் சிரித்தவனை சீமோன் முதல் தடவையாக நேரில் பார்த்தான். கழுத்துக்குக் கீழே செத்தாலும் அந்த ஆள் சாகவில்லை.

அப்போது கோப்பைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய கோப்பைக்குப் பின்னால், கமரா வைத்த இன்னொரு மொனிட்டரின் பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சரப்பா," என்றது அட்சயாவின் குரல். கூரையில் நிற்பவர்கள் பேசும் அதே சமமான, அவசரமில்லாத குரல். "உள்பக்கம் ஒரு ஆள். வெளிப்பக்கம் ஒரு ஆள். கவனமா இருங்கோ."

கிருபனின் முகத்தில் இருந்த பளபளப்பு அப்படியே வடிந்து போனது.

அவள் தட்டோடு உள்ளே வந்தாள். மூன்று கோப்பை தேநீர். நீண்ட மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, அவனுக்கு. கை துளியும் நடுங்கவில்லை.

"கூரையில நிண்டது நீர்தானே?" என்றாள் நிலாணி.

"ஓம் அக்கா. அமெரிக்காவுக்குப் போறார், எனக்கு அங்க வேலையில்லையாம். வசந்தத்துக்கு அப்பவே பேக் எல்லாம் கட்டிவைச்சிட்டார். ஒரு தட்டுத் தட்டட்டும், காலோ கையோ முறிஞ்சா வீட்டில நிப்பார் எண்டுதான் நினைச்சன்." தட்டை மேசையில் வைத்தாள். "இவ்வளவு வேகமா ஏறுவாரெண்டு ஆர் கண்டது? நான் சொன்னா ஏறியிருக்கமாட்டார். மகேஸ் அண்ணையின்ர குரலெண்டபடியால்தான் ஏறினவர்."

"இதை நான் வெளியில சொன்னா?"

"சொல்லுங்கோ. பொய் போனது மகேஸ் அண்ணையின்ர வாயால. ஹோலில நிண்டுகொண்டு கூரையில நிண்டதெண்டு பொலிசுக்கும் சொன்னவர். முதல்ல உள்ள போறது அவர்தான். பிறகு இவரை ஆர் தூக்கிக் குளிப்பாட்டுறது?"

அவள் துவாயை விரித்துக் கிருபனின் நாடிக்குக் கீழே பக்குவமாகச் செருகினாள். கோப்பையின் மூக்கை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கண் மட்டும் நிலாணியிடம் போனது. பதினைந்து வருடமாகக் காதுக்குள் ஒரு குரலைக் கேட்டு ஓடியவன், இப்போது ஒரு குரலுக்காகக் காத்திருந்தான்.

"குடிக்கலாமோ, அக்கா?" என்று பல்லுக்குள்ளால் கேட்டான்.

நிலாணி கோப்பையைப் பார்த்தாள், பிறகு சீமோனைப் பார்த்தாள். சீமோன் அவளை அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

சீமோன் கையை நீட்டி அட்சயாவிடமிருந்து அந்தக் கோப்பையை வாங்கினான். மூடியைக் கழற்றி ஒரு வாய் குடித்தான். வெறும் தேத்தண்ணி. இளஞ்சூடு, சீனி கொஞ்சம் கூட. விழுங்கிவிட்டு நின்றான். ஒன்றும் நடக்கவில்லை.

"சரியா இருக்கோ?" என்று அட்சயா அக்கறையாகக் கேட்டாள்.

"ஓம்," என்றான் சீமோன்.

அவள் கோப்பையைத் திருப்பி வாங்கி, அவன் வாய் பட்ட இடத்தைத் துவாயின் நுனியால் துடைத்து, மூடியைப் போட்டாள்.

"இண்டைக்கு நீங்கள் நிக்கிறியள், குடிச்சுப் பாத்துச் சொன்னியள்," என்றாள். "நாளைக்கு ஆர் வருவினம்?"

பிறகு குனிந்து, கோப்பையின் மூக்கை மறுபடியும் கணவனின் உதட்டில் வைத்தாள். கிருபன் எதிர்ச்சுவரில் இருந்த கோப்பைகளைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.